புள்ளி வெச்ச ஃபோல்டர்

இந்தப் போனை எடுக்க மாட்டேனுங்கண்ணா. பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்குத் தொந்தரவுதான், எனக்கும் தெரியுது. இருங்க, சத்தத்தைக் கொறைச்சுக்கறேன். எங்க முதலாளிங்க, தேவசேனாபதி சார். எடுத்தா ஒரே கேள்விதான் கேப்பாரு: "கெடைச்சுதா?" கெடைச்சுதுன்னு சொன்னாலும் எனக்குத்தான் கெடுதல், கெடைக்கலைன்னு சொன்னாலும் எனக்குத்தான் கெடுதல். அதுக்கு எதுக்கு எடுக்கறது?

நீங்களும் கோயமுத்தூர் வரைக்கும்தானுங்களா? நல்லதாப் போச்சு. யாருகிட்டயாவது சொல்லோணும்ங்கண்ணா. எங்கூட்டுல சொன்னா அழுவா. உங்களுக்கு என்னை யாருன்னே தெரியாது, அதனால நீங்க நியாயமாக் கேப்பீங்க.

எம்பேரு குருபரன். கம்ப்யூட்டர் வேலை. பெரிய கம்பெனியெல்லாம் இல்லீங்க, சரவணம்பட்டியில ஒரு மாடி, பதினாலு பேரு. ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் பண்ணிக் குடுக்கறோம். நோயாளி பேரு, வயசு, எடை, டாக்டர் எழுதுன மருந்து, இதெல்லாம் போட்டா, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கொருக்கான்னு கணக்குப் போட்டு சின்னதா ஒரு சீட்டு அடிச்சுத் தரும். நர்ஸம்மா அந்தச் சீட்டைப் பாத்து ஊசி போடுவாங்க. அவ்வளவுதான் வேலை.

நான் பண்ணுனது ஒரே ஒரு வரிதானுங்கண்ணா. அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

நாங்க எழுதற புரோகிராம் முழுக்க ஒரு பெரிய ஃபோல்டர்ல இருக்கும். அதுக்குள்ளயே இன்னொரு ஃபோல்டர் இருக்கும், பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வெச்சு. புள்ளி வெச்சா கண்ணுக்குத் தெரியாது, அப்படி ஒரு ஏற்பாடு. யாரு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வரியை எழுதுனாங்க, எந்த வரியை எடுத்தாங்க, எதுக்காக எடுத்தாங்க, எல்லாம் அதுக்குள்ள கெடக்கும். மொத நாள்ல இருந்து. எங்க புரோகிராமுக்கு ஏழு வருசம் அப்படிக் கெடந்துச்சு.

அந்த ஏழு வருசத்துல பாதிக்கு மேல எழுதுனது ஆவுடைச்செல்வின்னு ஒருத்தங்க. சங்கரன்கோயில்காரங்க. இப்ப அவங்க ஊட்டுல இருந்துதான் வாரேன். எனக்கு ஒரு வருசம் முன்னாடி சேந்தவங்க. நாங்கெல்லாம் ஒரு மாத்தம் பண்ணுனா "சரி பண்ணியாச்சு"ன்னு ரெண்டு வார்த்தை குறிப்புப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருவோம். அவங்க பத்தி பத்தியா எழுதுவாங்க. எதுக்கு மாத்துனேன், மாத்தாட்டி என்ன ஆகும், எந்த நர்ஸ் கேட்டாங்கங்கற வரைக்கும். நாங்க சிரிப்போம். "கடுதாசி எழுதறீங்களா ஆவுடை?"ன்னு கேப்பேன். "நாளைக்கு யாராச்சும் படிப்பாங்க குரு"ன்னு சொல்லுவாங்க.

நெம்பப் புடிவாதம்ங்க அவங்களுக்கு. கொழந்தைங்க வார்டுக்குப் பண்ணுனப்போ ஒரு பெட்டி வெச்சாங்க. கொழந்தையோட எடையை அன்னைக்கு போட்டாத்தான் சீட்டு வரும். போடலைன்னா திரையில ஒரு பெட்டி வந்து நின்னுக்கும், "எடை எங்கே?"ன்னு. எடை போடற வரைக்கும் நகராது. அந்தப் பெட்டி இல்லாட்டி புரோகிராம் அதுபாட்டுக்கு பெரியவங்க எடை, அறுவது கிலோன்னு எடுத்துக்கும். பெரியவங்க வார்டுக்குன்னு மொதல்ல பண்ணுனதுங்களே, அதனால.

ஆஸ்பத்திரியில இருந்து ஒரே போனு. பெட்டி தொந்தரவா இருக்குது, கூட்ட நேரத்துல நர்ஸுங்க கத்துறாங்க, எடுத்துப்போடுங்கன்னு. சார் எடுக்கச் சொன்னாரு. ஆவுடை முடியாதுன்னுட்டாங்க. "பிள்ளைங்க வார்டு சார். எடை தெரியாம மருந்து கணக்கு போடக் கூடாது"ன்னு மூஞ்சிக்கு நேரா. அப்பறம் அவங்க லீவுல போனப்ப யாரோ எடுத்தாங்க. திரும்பி வந்து அவங்க மறுபடி வெச்சாங்க. மறுபடி யாரோ எடுத்தாங்க. யாரு எடுத்தாங்கன்னு கேக்காதீங்க, எனக்கு சத்தியமா ஞாபகமில்லை. அந்த வார்டுப் பக்கம் வேலை பாத்தது மூணு பேரு. ஆவுடை, நான், ஜெயப்பிரதாப்புன்னு ஒருத்தன். அவன் இப்பக் கனடாவுல இருக்கான்.

அதுக்கு ஒரு மாசம் கழிச்சு அவங்க வேலையை விட்டுட்டாங்க. சண்டை போட்டுத்தான். கேக் வெட்டலை, கையெழுத்துப் போட்ட கார்டு குடுக்கலை. நான் படிக்கட்டு வரைக்கும் போயி வழியனுப்புனேனுங்க. அதைச் சொல்லோணும்.

ஒன்றரை வருசம் போச்சு. வெளியூர்ல இருந்து பெரிய கம்பெனி ஒண்ணு எங்க சாஃப்ட்வேரை அப்படியே வாங்கிக்கறோம்னு வந்தாங்க. ஒரு நாள் சார் என்னைக் கூப்பிட்டு, "குரு, குடுக்கறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணிரு. பழைய ஆளுங்க பேரு ஒண்ணும் இருக்கக் கூடாது. நாளைக்கு அந்தம்மா வந்து இது என்னுதுன்னு நின்னா நமக்குத் தலைவலி"ன்னாரு.

"நகல் ஒண்ணு எடுத்து வெச்சுக்கட்டுங்களா சார்?"னு கேட்டேன். கேட்டேனுங்கண்ணா! அதை யாரும் இப்ப ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

"எதுக்கு?"ன்னாரு.

எதுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது? சரிங்க சார்னு வந்துட்டேன்.

கறுப்புத் திரையைத் திறந்தேன். மவுஸெல்லாம் வேண்டியதில்லை, ஒரு வரி அடிச்சாப் போதும். புள்ளி வெச்ச அந்த ஃபோல்டர் உள்ளுக்குள்ள எங்கெங்க இருக்குதோ தேடு, கெடைச்சதை அழி, அழிக்கட்டுமான்னு என்னைக் கேக்காதே. அப்படிக் கேக்காம அழிக்கறதுக்குன்னே ஒரு எழுத்து இருக்குது, சேத்துக்கலாம். சேத்தேன். என்டர் தட்டினேன். ஏதோ பெருசா நடக்கும்னு பாத்தா ஒண்ணுமில்லீங்க, அடுத்த வரி வந்து கண்ணு சிமிட்டிட்டு நிக்குது. ஏழு வருசம். ரெண்டு செகண்டு கூட ஆகலை. மறுபடி தேடிப் பாத்தேன், ஒண்ணும் வரலை. வேலையில நான் சுத்தமுங்க, யாரை வேணா கேட்டுப் பாருங்க.

அப்பறம் ஒவ்வொரு ஃபைல் தலைப்புலயும் எழுதுனவங்க பேரு இருந்துச்சு. அதுக்கும் ஒரு வரி. ஆவுடைச்செல்வின்னு எங்கெல்லாம் இருக்குதோ அங்கெல்லாம் ஒண்ணுமில்லாமப் பண்ணு. நானூத்திப் பன்னெண்டு ஃபைலு. சர்வர்ல இருந்த பழசு மேலயும் புதுசை ஏத்தி மூடிட்டேன்.

பழசு போனா புதுசா ஒண்ணு தொடங்கோணும் இல்லீங்களா? என் மிசின்ல தொடங்கினதால என் பேரு விழுந்துச்சு. நானா போடலீங்க, அதுவா விழுகும். மொத பதிவு, ஒரே பதிவு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல குருபரன், குருபரன், குருபரன். ஏழு வருச வேலையை ஒரு சாயங்காலம் நாலு இருவதுக்கு நான் ஒருத்தனே ஒக்காந்து எழுதிப்போட்ட மாதிரி.

ஒப்பந்தம் ஆன அன்னைக்கு ஓட்டல்ல ஒரு விழா வெச்சாங்க. வாங்கறவங்கள்ல ஒருத்தர் பெரிய திரையில அதைப் போட்டுக் காட்டி, "இதெல்லாம் ஒரே ஆளா எழுதுனீங்க?"ன்னாரு. சார் என் தோள் மேல கை போட்டுட்டு, "எங்க குரு அப்படித்தான்"னாரு. பொன்னாடை போத்துனாங்க. போட்டோ எடுத்தாங்க. எங்க மாமியா அதை வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல வெச்சாங்க, நாலு நாளைக்கு. அங்க நின்னுட்டு இல்லீங்க இல்லீங்கன்னு சொல்லோணும்னா எப்படிங்கண்ணா? நீங்களா இருந்தா சொல்லுவீங்களா? டீம் லீட் ஆக்கினாங்க. தனி ரூம் குடுத்தாங்க. கெட்ட காலம் அப்படி வந்துதுங்க, பொன்னாடையோட.

அந்தப் புள்ள பேரு இதழினி. மூணரை வயசு. பதிமூணு கிலோ.

அதே ஆஸ்பத்திரிக் கொழந்தைங்க வார்டுல காய்ச்சல்னு சேத்திருக்கறாங்க. டெங்கு சீசன், வார்டுல ஒரு கட்டில்ல ரெண்டு கொழந்தைங்க. நர்ஸ் புதுசு. எடையைப் போட மறந்துட்டாங்க. புரோகிராம் அறுவது கிலோன்னு எடுத்துட்டு சீட்டு அடிச்சுக் குடுத்திருச்சு. கிருமிக்குப் போடற ஊசிங்க அது. மூணு நாள், நாலு மடங்குக்கு மேல. நாலாவது நாள் டாக்டர் யாஸ்மின்னு அந்த வார்டு டாக்டரம்மா பாத்துட்டு நிறுத்தியிருக்கறாங்க. கிட்னி கெட்டு, ஐசியூவுல பதினொரு நாள். உசுரு பொழைச்சுக்குச்சு.

சர்வர் பாக்கப் போற மாதிரி நான் ஒரு நாள் போனேனுங்கண்ணா. யாரும் போகச் சொல்லலை. வார்டு கதவுல கண்ணாடி இருக்கும், அது வழியாப் பாத்தேன். அந்தப் புள்ள கட்டில்ல ஒக்காந்து ஒரு பொம்மையோட சட்டைப் பட்டனைக் கழட்டிட்டு இருக்குது. அவங்கம்மா பின்னாடி நின்னுட்டு ரெண்டு எவர்சில்வர் டம்ளரை டங்கு டங்குனு தட்டறாங்க. வெளிய எனக்குக் கேக்குது. கொழந்தை திரும்பலை. அந்தம்மா கொஞ்சம் கிட்டப் போயி மறுபடி தட்டறாங்க. கொழந்தை பட்டனையே பாத்துட்டு இருக்குது. காது போயிருச்சுங்க. அந்த மருந்து அதிகமானா காதை எடுத்துருமாம். திரும்பி வராதாம்.



ஆஸ்பத்திரியில விசாரணை வெச்சாங்க. புரோகிராம்ல அந்த எடத்தை எழுதுனது யாருன்னு கேட்டாங்க. சார் ஒரு நிமிசம் கூட யோசிக்கலை. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாரு. "பாருங்க, எல்லாமே குருபரன்தான். நான் முதலாளி, எனக்கு புரோகிராம் தெரியாது"ன்னாரு. தோள்ல கை போட்ட அதே மனுசன்! வெளிய வந்து நான் அவரு காலைப் புடிக்காத கொறை. "சார், அந்த எடம் ஆவுடை எழுதுனதுன்னு உங்களுக்குத் தெரியுமல்ல?"ன்னேன். "தெரிஞ்சு? நிரூபிக்க முடியுமா? நீதானே அழிச்சே"ன்னாரு. அப்பறம் கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னாரு, "கொரோனா சமயத்துல அவ ஊட்டுல இருந்துதானே வேலை பாத்தா. அவ சொந்த லேப்டாப்புல முழு நகல் இருக்கும். போய் எப்படியாவது வாங்கிட்டு வா. அவ எழுதுனதுன்னு காட்டிட்டா நீயும் தப்பிச்சே, கம்பெனியும் தப்பிச்சுது."

அது உண்மைதானுங்க. அந்த ஏற்பாடே அப்படி. ஒரு தடவை யாராவது அந்த ஃபோல்டரை எறக்கி வெச்சிருந்தா மொத்த வரலாறும் அவங்ககிட்ட அப்படியே இருக்கும். திங்கக்கிழமை மறுபடி விசாரணை. போலீஸுல எழுதிக் குடுக்கப் போறாங்கன்னு பேச்சு. எனக்கு வேற வழி இருந்துச்சுங்களா?

நேத்து கெளம்பி இன்னைக்குக் காலைல போயி நின்னேன். ஆடிட்டுக்கு வேணும்னு சொல்றதா வழியெல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன். கதவைத் தொறந்தவங்க இடுப்புல ஒரு கொழந்தை, ரெண்டு வயசு இருக்கும். "என்ன குரு, திடீர்னு வந்து நிக்கீங்க? வாங்க, உள்ள வாங்க. மொதல்ல சாப்பிடுங்க"ன்னாங்க. ஒரு வார்த்தை கோவமாப் பேசலைங்கண்ணா. இட்லி வெச்சாங்க. நானும் ஆடிட்டு, பழைய நகல், ஒரு நாள் போதும், அப்படி இப்படின்னு சொல்லிட்டே இருக்கறேன். கேட்டுட்டே இருந்தவங்க, கொழந்தை வாயைத் தொடைச்சுட்டு, "எடைப் பெட்டிதானே குரு?"ன்னாங்க.

இட்லித் தட்டை ஓரமா நகத்தி வெச்சேன்.

மறைக்க முடியலை. எல்லாத்தையும் சொல்லி அழுதேன். அழிச்சதையும் சொன்னேன். "எல்லாத்தையுமா அழிச்சீங்க? ஏழு வருசத்தையுமா?"ன்னு ஒரு தடவை கேட்டாங்க. அப்பறம் லேப்டாப்பைக் கொண்டாந்து எம்முன்னாடி வெச்சுத் தொறந்தாங்க. கறுப்புத் திரை. ஒரு வரி அடிச்சாங்க. ஒரு ஃபைலைச் சொன்னா, அந்த எடத்தை யாரு யாரு தொட்டாங்கன்னு வரிசையா வரும், அதுக்கான வரி.

எல்லாத்துக்கும் அடியில, மொத பதிவா அவங்க பேரு. பெட்டி வெச்ச தேதி. கீழ பெரிய குறிப்பு, எடை இல்லாமச் சீட்டுப் போனா கொழந்தைக்கு என்ன ஆகும்னு. கிட்னி, காதுன்னு எழுதியிருந்துச்சுங்கண்ணா. காதுன்னே எழுதியிருந்துச்சு.

அதுக்கு மேல, பெட்டியை எடுத்தவங்க பேரு. குருபரன். வியாழக்கிழமை, சாயங்காலம் அஞ்சு அம்பது. குறிப்பு: "தொந்தரவு எடுத்தாச்சு."

அதுக்கு மேல ஆவுடைச்செல்வி, மறுபடி வெச்சது. அதுக்கு மேல மறுபடி குருபரன். இந்தத் தடவை குறிப்புல ஒண்ணுமே இல்லை, ஒரே ஒரு புள்ளி. ஏதாவது அடிச்சாத்தான் விடும், அதனால அடிச்ச புள்ளி.

அப்பத்தானுங்க ஞாபகம் வந்துச்சு. சார் என் பின்னாடி காப்பியோட நின்னுட்டு இருந்தாரு. எனக்கு ஆறு மணி பஸ்ஸைப் புடிக்கோணும். அஞ்சு நிமிச வேலைங்க அது. சொன்னாரு, எடுத்தேன். ஜெயப்பிரதாப்பாத்தான் இருக்கும்னு நான் இத்தனை நாளா முழுசா நம்பிட்டு இருந்தேன். எப்படிங்கண்ணா மறந்துச்சு எனக்கு?

நான் தரையில ஒக்காந்துட்டேன். "ஆவுடை, உங்களுக்குத் தெரியாததில்லை, அந்தப் பேரை மாத்தலாம். இன்னொரு வரி அடிச்சா மாறிக்கும். ஜெயப்பிரதாப்புன்னு போட்டுருங்க. அவன் கனடாவுல இருக்கான், அவனுக்கு என்ன ஆகப்போகுது? எனக்கு எல்கேஜி போற புள்ள இருக்குது"ன்னு கையைக் கூப்பிக் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க, அந்த நேரத்துல மனுசனுக்கு என்ன தோணும்? அவங்க கொழந்தை என் தலைமுடியைப் புடிச்சு இழுத்துட்டு சிரிக்குது. நான் அழுதுட்டு இருக்கறேன்.

அவங்க கொழந்தையைத் தூக்கிட்டு, "இப்ப மாத்தி என்ன செய்ய குரு? டாக்டரம்மா புதன்கிழமையே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க"ன்னாங்க.

டாக்டர் யாஸ்மின். கார் வெச்சு சங்கரன்கோயில் வரைக்கும் வந்திருக்கறாங்க. எப்படித் தெரியும்னு கேட்டேன். வார்டு அலமாரியில பழைய கையேடு ஒண்ணு இருந்துருக்குது, பிரிண்ட் எடுத்து பைண்டு போட்டது. மொதப் பக்கத்துல ஆவுடை பேனாவுல எழுதி வெச்சிருந்தாங்களாம், "சந்தேகம்னா எந்நேரமும் கூப்பிடுங்க"ன்னு, பேரும் போன் நம்பரும். அந்தக் காகிதத்தை நான் எங்க போய்த் தேடறது? நான் கம்ப்யூட்டர்ல இருந்ததைத்தானுங்களே அழிக்க முடியும்?

அப்ப திங்கக்கிழமை எல்லாம் டாக்டரம்மா கையில இருக்கும். பெட்டியை எடுத்ததும் நான். அதை மறைக்கற மாதிரி வரலாறு முழுக்க அழிச்சதும் நான். சார் பேரு எங்கயுமே இல்லீங்கண்ணா, ஒரு எடத்துல கூட. அவரு வாயில சொல்லுவாரு, நாந்தான் அடிப்பேன். வாயில சொன்னதுக்குத் தேதியா இருக்குது, மணியா இருக்குது? நான் போயி "அவருதான் சொன்னாரு"ன்னா, "அது எங்க எழுதியிருக்குது?"ன்னு கேக்க மாட்டாங்களா? அந்தப் புள்ளையோட அம்மாவும் வருவாங்களாம். அவங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறது? அவங்ககிட்ட என்னன்னு சொல்றது, தொந்தரவு எடுத்தாச்சுன்னா?

கெளம்பறப்ப ஆவுடை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாங்க. தண்ணி பாட்டிலு வாங்கிக் குடுத்தாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்னு இருந்துச்சு. "டாக்டரம்மா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"ன்னேன்.

"கேட்டாங்க. இந்தக் குருபரன் எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கெட்டவரு இல்லம்மா, யாரு என்ன சொன்னாலும் மறு வார்த்தை கேக்காமச் செஞ்சிருவாருன்னு சொன்னேன்."

அதை டாக்டரம்மா எழுதிக்கிட்டாங்களாம். அதுதானுங்கண்ணா இப்ப எனக்கு ஒரே ஆறுதல். சண்டை போட்டுட்டுப் போனவங்க, நான் பேரையே அழிச்சவங்க, அவங்களே எம்மேல நல்லவிதமாச் சொல்லியிருக்கறாங்க. திங்கக்கிழமை அது எனக்கு சாதகமாத்தானுங்களே வரும்? நீங்க நாலு எடம் பாத்தவங்க மாதிரி இருக்கறீங்க. சொல்லுங்கண்ணா.